ஈயடிச்சான் காப்பியா?

அன்புச் செல்வங்களே,

சத்தியமங்கலத்தில் எட்டாம் வகுப்பு படிக்கும் தம்பி ஒருவன் கடிதம் எழுதியிருக்கிறான். விடுமுறையில் எண்ணெய் வண்ண ஓவியம் பழகுகிறானாம். பழைய காலண்டரில் இருந்த பாரிஸ் நகரத் தெருப் படத்தைப் பார்த்து அப்படியே வரைந்தானாம். கூட்டாளிகள் 'ஈயடிச்சான் காப்பி' என்று கேலி செய்துவிட்டார்கள். 'பார்த்து வரைவது தப்பா?' என்று கேட்கிறான்.

பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதினால் தப்புதான். ஓவியத்தில் அப்படி இல்லை. பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தில், சுவரில் இருக்கும் படங்களைப் பார்த்து வரைந்து பழக இன்றும் அனுமதி கொடுக்கிறார்கள். ஆனால், அசல் படத்தின் அதே அளவில் வரையக் கூடாது. போலியை அசல் என்று யாரும் விற்றுவிடக் கூடாதல்லவா!

நம் ரவிவர்மா 1862-ல் திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்தபோது அவருக்கு வயது 14. அங்கே எண்ணெய் வண்ணம் தெரிந்தவர் மதுரை ராமசாமி நாயக்கர். அவரோ சொல்லித்தர மறுத்துவிட்டார். பிறகு வந்த தியோடர் ஜென்சன் என்ற வெளிநாட்டு ஓவியரும் பாடம் நடத்தவில்லை. தான் வரைவதைப் பார்க்க மட்டும் விட்டார். ரவிவர்மா பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார்.

தம்பி எடுத்துக்கொண்ட படம் கமீல் பிசாரோ 1897-ல் வரைந்தது. அப்போது அவருக்கு வயது 66. கண் நோயால் தூசியும் காற்றும் ஆகாது. அதனால் ஓட்டல் அறையின் ஜன்னலோரம் உட்கார்ந்து, கீழே தெரிந்த மோன்மார்த்ர் சாலையையே திரும்பத் திரும்ப வரைந்தார். மொத்தம் 14 படங்கள்! அவற்றில் இரவுக் காட்சி இது ஒன்றுதான். இப்போது லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது.

கிட்டே போய்ப் பார்த்தால் அதில் வண்டியும் இல்லை, ஆளும் இல்லை. வெறும் தூரிகைத் தீற்றல்கள். நாலடி தள்ளி நின்றால் ஈரத் தெரு பளபளக்கிறது! இந்தப் பாணிக்கு 'இம்ப்ரஷனிசம்' என்று பெயர். 1874-ல் மோனேயின் சூரியோதயப் படத்தைக் கிண்டலடித்து ஒரு பத்திரிகைக்காரர் வைத்த பெயர் அது. கேலிப் பெயரே நிலைத்துவிட்டது, பார்த்தாயா தம்பி?

எல்லா விளக்குக்கும் முதலில் ஒரே மஞ்சளை அடித்துவிட்டு, பிறகு சுரண்டி எடுத்ததாக எழுதியிருக்கிறாய். அங்கேதான் நீ கற்றுக்கொண்டாய். அந்தத் தெருவில் மூன்று வகை வெளிச்சம். நடுவில் மின்சார விளக்கு, வெள்ளை. கடைகளில் எரிவாயு விளக்கு, மஞ்சள். குதிரை வண்டிகளில் எண்ணெய் விளக்கு, செம்மஞ்சள். பிசாரோ அதைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார். வரைந்து பார்க்காமல் இருந்திருந்தால் உன் கண்ணில் பட்டிருக்குமா? எண்ணெய் வண்ணம் காயப் பல நாள் ஆகும் என்பதால்தான் உன்னால் சுரண்டித் திருத்தவும் முடிந்தது.

இன்னொன்று. அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேல்பூச்சில் கூடுதலாகவும் இருக்கட்டும். மாற்றிச் செய்தால் பின்னாளில் வெடிப்பு விழும். டர்பன்டைன் எடுக்கும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும். பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும். ஆளி எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதே, தானாகவே தீப்பிடிக்கும்! தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்துக் காயப்போடு.

படத்தின் கீழே, 'பிசாரோவைப் பார்த்து வரைந்தது' என்று எழுதி உன் பெயரைப் போடு. அப்புறம் யார் கேலி செய்தால் என்ன?

அடுத்த படத்துக்குக் காலண்டர் வேண்டாம். மழை விட்ட சாயங்காலம் சத்தி பஸ் நிலையம் பக்கம் போய் நில். திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வந்த பஸ்சின் முகப்பு வெளிச்சம், மல்லிகை விற்கும் கடையின் பல்பு, தெருவிளக்கு. ஈரத் தரையில் மூன்றும் என்ன நிறத்தில் விழுகின்றன என்று பார். வரைந்ததும் எங்களுக்கு ஒரு போட்டோ அனுப்பு.

அன்புடன்,
ஆசிரியர்