முதுமைக்குப் பல் வேண்டாமா?

"போகிற வயதில் பல் எதற்கு?" என்று நம் வீடுகளில் கேட்பதுண்டு. கண்ணில் புரை விழுந்தால் முகாமுக்கு அழைத்துப் போகிற பிள்ளைகளே, அப்பாவின் பல் ஆடினால் "வயசாச்சு, அப்படித்தான்" என்று இருந்துவிடுகிறார்கள். இது எனக்கு ஒப்பவில்லை.

வயது மட்டுமே பல்லை விழச் செய்வதில்லை. பல்லைச் சுற்றிப் படியும் அழுக்கு காறையாக இறுகி, ஈறு வீங்கி, பல்லைத் தாங்கும் எலும்பு கரைவதால்தான் பெரும்பாலும் பல் ஆடுகிறது. சர்க்கரை நோய் இதை விரைவுபடுத்தும். ஈறு நோயோ சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதைக் கடினமாக்கும். இரத்த அழுத்தத்துக்கு உண்ணும் சில மாத்திரைகள் எச்சிலைக் குறைக்கின்றன. எச்சில் வற்றிய வாயில் பல் எளிதில் சொத்தையாகும்.

‘பல் போனால் சொல் போச்சு’ என்பார்கள். சோறும் போகிறதே! கடலையும் கறியும் ஒதுங்கி, குழைந்த சோறும் காப்பியில் நனைத்த ரொட்டியுமே உணவாகின்றன. பந்தியில் உட்காரக் கூச்சப்பட்டுக் கல்யாண வீட்டுக்கே போகாத பாட்டிமார்களை நான் அறிவேன்.

வெற்றிலைப் பெட்டியைப் பற்றிப் பேசினால் தாத்தாமார்களுக்குக் கோபம் வரும். பேசத்தான் வேண்டும். புகையிலை சேர்க்காத தாம்பூலமும், ஏன், வெறும் பாக்குமே புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. இரண்டு வாரமாகியும் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ வாயில் இருந்தால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். பல்லே இல்லாத வாய்க்கும் இது பொருந்தும்.

பல்செட் வைத்திருப்பவர்கள் இரவில் அதைக் கழற்றித் தண்ணீரில் போட வேண்டும். பலர் அதோடேயே உறங்குகிறார்கள். செட் தளர்ந்தால் சரிசெய்துகொள்ளலாம். மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனைகளில் பல் பிரிவு உண்டு. காலையிலேயே போய்விட வேண்டும், அவ்வளவுதான்.