எந்தப் பம்பு உயர்ந்தது?

அம்பத்தூர்ப் பக்கம் லாரி கழுவும் நிலையங்களில், உந்துதண்டுகள் முன்னும் பின்னும் ஓடும் சிறிய பம்பு நீரைப் பீய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல் பல பத்து மடங்கு.

மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் 2010இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை தொடங்கப்பட்டது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தருமாறு அமைக்கப்பட்டது அது. சவ்வின் வழியே கடல்நீரிலிருந்து நன்னீரைப் பிரிக்க ஏறத்தாழ 60 மடங்கு காற்றழுத்தம் வேண்டும். ஆயினும் இத்தகைய பேராலைகளில் சுழல்கின்ற மையவிலக்குப் பம்புகளையே பெரும்பாலும் காண்கிறோம். ஏன்?

அழுத்தம் பாதிக் கணக்குத்தான். நொடிக்கு எவ்வளவு நீர் என்பது மறுபாதி. இரண்டின் பெருக்குத்தொகையே பம்பு நீருக்கு அளிக்கும் திறன். 60 மடங்கு அழுத்தத்தில் 1,000 லிட்டரைச் செலுத்தக் குறைந்தது 1.7 யூனிட் மின்சாரம் தேவை.

நீர் குறைவானால், மையவிலக்குப் பம்பில் உராய்விலும் கசிவிலும் பெரும்பகுதி வீணாகும். அங்கே உந்துதண்டே சிக்கனம். நீர் மிகுந்தால், உந்துதண்டுப் பம்பு பூதாகாரமாகிவிடும். தேய்மானமும் அதிர்வும் தொல்லை தரும்.

நீர் வெளியேறும் வழி அடைபட்டால்? மையவிலக்குப் பம்பில் அழுத்தம் ஓர் எல்லையில் நின்றுவிடும். உந்துதண்டுப் பம்பிலோ ஏறிக்கொண்டே போகும். பாதுகாப்பு வால்வு இல்லையேல் குழாய் வெடிக்கும். சில நூறு ரூபாயை மிச்சப்படுத்த அந்த வால்வை விட்டுவிடுவது, அருகில் நிற்கும் தொழிலாளியின் உயிரோடு விளையாடுவதாகும்.

ஆகவே, ‘எது உயர்ந்த பம்பு?’ என்று கேட்பது தவறு என்பேன். ‘எவ்வளவு நீர், என்ன அழுத்தம், அடைபட்டால் என்ன ஆகும்?’ என்று கேளுங்கள். விலைப்பட்டியலை அதன் பிறகு பார்க்கலாம்.