‘லெவல் 2 அடாஸ் இருக்கு சார்!’ - பட்ஜெட் காரில் அடாப்டிவ் க்ரூஸ் கன்ட்ரோலை நம்பி எக்ஸ்ட்ரா பணம் கொடுக்கலாமா?

சனிக்கிழமை காலை, கார் ஷோரூம். 10 லட்சம் பட்ஜெட் என்று உள்ளே போனவர், பேசிப் பேசி 12 லட்சத்துக்கு வந்து நிற்கிறார். “இன்னும் ஒரு வேரியன்ட் மேல போனீங்கன்னா லெவல் 2 அடாஸ் வந்துடும் சார். முன்னாடி போற வண்டியைப் பார்த்து காரே பிரேக் போட்டுக்கும், காரே ஸ்பீடு எடுத்துக்கும்” என்கிறார் சேல்ஸ் எக்ஸிகியூட்டிவ். இ.எம்.ஐ. எவ்வளவு என்று மொபைலில் தட்டிப் பார்த்தால், மாதம் கொஞ்சம்தான் கூடுகிறது. ‘சேஃப்டிக்குத்தானே’ என்று மனசு சமாதானம் சொல்லிவிடும். புக்கிங் முடிந்தது.

இந்தப் பேச்சில் பெரும்பாலும் யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. முன்னால் போகும் வண்டி முழுசா நின்றுவிட்டால், இந்த கார் என்ன செய்யும்?

எல்லா காரும் இதற்கு ஒரே பதிலைச் சொல்லாது. பிரவுச்சரில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான்: அடாப்டிவ் க்ரூஸ் கன்ட்ரோல், சுருக்கமாக ஏ.சி.சி. ஒப்பிட வேண்டியது அந்தப் பெயருக்குள் என்ன இருக்கிறது என்பதைத்தான்.

இது என்ன வேலை செய்கிறது?

சாதாரண க்ரூஸ் கன்ட்ரோலில் 80 கி.மீ. என்று செட் செய்தால், கார் 80-லேயே போகும். முன்னால் லாரி வந்தால் நீங்கள்தான் பிரேக் போட வேண்டும். ஏ.சி.சி.யில் வேகத்தோடு சேர்த்து இடைவெளியையும் செட் செய்யலாம். முன்னால் போகும் வண்டி 60-க்குக் குறைந்தால் உங்கள் காரும் 60-க்கு வரும். அது விலகிப் போனதும் மறுபடி 80-க்கு ஏறும்.

டெக்னாலஜி ஒன்றும் புதுசு இல்லை. 1995-ல் மிட்சுபிஷி தன் டயமன்டே காரில் லேசரை வைத்து இதைச் செய்தது. ஆனால், அந்த கார் தானாக பிரேக் பிடிக்காது. 1990-களின் கடைசியில் மெர்சிடிஸ் பென்ஸ் எஸ் கிளாஸில் ரேடாரும் பிரேக்கும் சேர்ந்து வந்தன. சொகுசு கார்களில் மட்டும் இருந்த இந்த வசதி, இந்தியாவில் 2021-ல் எக்ஸ்யூவி700, எம்.ஜி. ஆஸ்டர் போன்ற கார்களில் வந்தது. 2024-ல் மஹிந்திரா எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓ, புதிய ஹோண்டா அமேஸ் வரை இறங்கிவிட்டது.

இங்கேயே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அறிமுகமானபோது 3எக்ஸ்ஓ-வின் ஆரம்ப விலை 7.49 லட்சம், அமேஸின் ஆரம்ப விலை 8 லட்சம். விளம்பரத்தில் பெரிதாகத் தெரிவது அந்த எண்தான். ஆனால் 3எக்ஸ்ஓ-வில் ஏஎக்ஸ்5எல், ஏஎக்ஸ்7எல் வேரியன்ட்களிலும், அமேஸில் டாப் வேரியன்ட்டான இசட்எக்ஸிலும் மட்டுமே இந்த வசதி கொடுக்கப்பட்டது. ‘8 லட்சம் ரூபாய் காரில் ஏ.சி.சி.’ என்பது பாதி உண்மை.

அடாஸ் இருந்தால் ஏ.சி.சி. இருக்குமா?

இருக்கணும்னு அவசியம் இல்லை. 2023-ல் ஹூண்டாய் வெனியூவிலும், 2024 ஜனவரியில் கியா சோனெட்டிலும் லெவல் 1 அடாஸ் வந்தது. முன்னால் மோதப் போகிறோம் என்ற எச்சரிக்கை, லேனை விட்டு விலகினால் ஸ்டீயரிங்கைத் திருத்துவது எல்லாம் அதில் உண்டு. ஏ.சி.சி. மட்டும் கிடையாது. அந்த வருட மாடலை இப்போது செகண்ட் ஹேண்டில் பார்ப்பவர்கள், ‘அடாஸ் இருக்கு’ என்ற ஒரு வார்த்தையை வைத்து முடிவு செய்தால் ஏமாற்றம்தான்.

‘லெவல்’ என்ற சொல்லும் குழப்புகிறது. எஸ்.ஏ.இ. அமைப்பு வகுத்த கணக்கில் 0 முதல் 5 வரை லெவல்கள் உண்டு. வேகத்தையோ ஸ்டீயரிங்கையோ ஏதாவது ஒன்றை மட்டும் கார் தொடர்ந்து கவனித்தால் லெவல் 1; இரண்டையும் ஒரே நேரத்தில் கவனித்தால் லெவல் 2. இரண்டிலுமே டிரைவர் நீங்கள்தான். ரோட்டிலிருந்து கண்ணை எடுக்க லெவல் 2-வில் அனுமதி இல்லை. ஷோரூமில் ‘லெவல் 2’ என்பது ஏதோ பரீட்சையில் பாஸ் ஆன மாதிரி சொல்லப்படுகிறது. அது தரச்சான்று கிடையாது, வேலைப் பிரிவினை மட்டுமே.

நிற்குமா, நிற்காதா?

பட்ஜெட் கார்களில் முதலில் ஒப்பிட வேண்டியது இதைத்தான். சில ஏ.சி.சி.கள் முன்வண்டியோடு சேர்ந்து பூஜ்யம் வரை இறங்கி, நின்று, மறுபடி கிளம்பும். இதை ‘ஸ்டாப் அண்ட் கோ’ என்பார்கள். மற்றவை ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே போனதும், ஒரு சத்தம் கொடுத்துவிட்டு ‘இனி நீ பார்த்துக்கோ’ என்று ஒதுங்கிவிடும்.

ஒரே கம்பெனி, ஒரே பெயர் கொண்ட காரிலேயே இந்த வித்தியாசம் வரும். 2023-ல் வந்த ஹோண்டா சிட்டியின் ஹைபிரிட் மாடலில் குறைந்த வேகத்திலும் முன்வண்டியைப் பின்தொடரும் வசதி உண்டு. சாதாரண பெட்ரோல் சிட்டியில் அது இல்லை. இரண்டிலுமே ஏ.சி.சி. இருக்கிறது என்றுதான் பிரவுச்சர் சொல்லும்.

கியர்பாக்ஸும் இங்கே முக்கியம். மேனுவல் காரில் கிளட்ச்சை மிதிக்க வேண்டியது டிரைவர் என்பதால், நின்று கிளம்பும் வேலை அதற்குச் சரிப்படாது. பல மாடல்களில் ஸ்டாப் அண்ட் கோ ஆட்டோமேட்டிக்கில் மட்டும்தான் வருகிறது. ஆக, ஏ.சி.சி.க்கான உண்மையான விலை என்பது டாப் வேரியன்ட், அதன் மேல் ஆட்டோமேட்டிக் என்று இரண்டு படி ஏறிய பிறகு தெரிவதுதான்.

தினமும் ஓ.எம்.ஆர். டிராஃபிக்கில் ஊர்ந்து போகிறவருக்கு, ஸ்டாப் அண்ட் கோ இல்லாத ஏ.சி.சி.யால் பெரிதாகப் பயன் இல்லை. மாதத்துக்கு நாலு தடவை சென்னை-திருச்சி ஓட்டுகிறவருக்கு, அது இல்லாவிட்டாலும் ஓரளவு உதவும்.

கேமராவா, ரேடாரா?

அமேஸ், சிட்டி, எலிவேட் ஆகியவற்றில் ஹோண்டா கொடுப்பது முன்பக்கக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை கேமரா. 3எக்ஸ்ஓ, வெர்னா போன்றவற்றில் கேமராவோடு முன்பக்க ரேடாரும் உண்டு.

முன்னால் இருப்பது காரா, பைக்கா, ஆளா என்று அடையாளம் காண்பதில் கேமரா கெட்டி. கண்ணுக்கு என்ன சிரமமோ அதுவே அதற்கும்: கொட்டும் மழை, எதிர்வெயில், மூடுபனி, சேறு படிந்த கண்ணாடி. தூரத்தையும் வேகத்தையும் ரேடார் நேரடியாக அளக்கும், இருட்டு அதற்குப் பிரச்னை இல்லை. ஆனால், பார்ப்பது என்ன பொருள் என்று சொல்வதில் அது பின்தங்கும். இரண்டும் சேர்ந்திருந்தால் ஒன்றின் குறையை இன்னொன்று ஈடுகட்டும். நைட் டிரைவிங்கும் மழைக்கால நெடும்பயணமும் அதிகம் என்றால், இரண்டும் இருக்கும் காருக்கே முன்னுரிமை கொடுக்கலாம்.

வாங்கிய பிறகு வரும் செலவையும் கேட்டுவிடுவது நல்லது. கேமரா உள்ள காரில் முன்பக்கக் கண்ணாடியை மாற்றினால், கேமராவை மறுபடி அளவு சரிபார்த்துப் பொருத்த வேண்டும். முன்பக்கம் லேசாக இடித்தாலே ரேடாரின் கோணம் மாறலாம். இந்த வேலையை உங்கள் ஊர் சர்வீஸ் சென்டரில் செய்வார்களா, இன்ஷூரன்ஸில் வருமா?

நம்ம ரோட்டில் எப்படி?

மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் ஒரு கார் ஒரு விநாடிக்கு சுமார் 28 மீட்டர் போகிறது. பாதுகாப்பான இடைவெளி என்று சொல்லப்படும் இரண்டு விநாடி, 56 மீட்டர். விழுப்புரம் பக்கம் முன்னால் 56 மீட்டர் காலி இடம் விட்டுப் பாருங்கள். ஒரு ஆம்னி பஸ், ஒரு கார், பின்னாலேயே ஒரு பைக் என்று வரிசையாக உள்ளே வரும். ஒவ்வொரு முறையும் ஏ.சி.சி. பிரேக் போடும், பின்னால் வருகிறவர் ஹாரன் அடிப்பார். வெறுத்துப்போய் இடைவெளியைக் கடைசி அளவுக்குக் குறைத்துவிடுவோம். எந்தப் பாதுகாப்புக்காகப் பணம் கொடுத்தோமோ, அதை நாமே அணைத்துவிட்ட மாதிரி.

இதைவிடப் பெரிய ஆபத்து, நிற்கும் வண்டி. பாலம், பெயர்ப்பலகை, தடுப்புக்கம்பி என்று ரேடாருக்கு அசையாத பொருட்கள் ஏராளமாகத் தெரியும். எல்லாவற்றுக்கும் பிரேக் போட்டால் காரை ஓட்டவே முடியாது. அதனால் நகர்கிறவற்றின் மீதே அதிக கவனம் வைக்கும்படி இந்த சிஸ்டம்கள் வடிவமைக்கப்படுகின்றன. நிற்கும் வண்டியை அடையாளம் காணாமல் போகலாம் என்று ஓனர்ஸ் மேனுவல்களே எச்சரிக்கின்றன.

இப்போது யோசித்துப் பாருங்கள். இரவு 2 மணி. நீங்கள் பின்தொடரும் கார் சட்டென்று வலதுபக்கம் விலகுகிறது. அது விலகியதே, முன்னால் டெயில் லைட் எரியாமல் நிற்கும் லாரிக்காகத்தான். உங்கள் ஏ.சி.சி.க்கோ ‘வழி காலி’ என்று அர்த்தம் ஆகலாம். வேகத்தைக் கூட்டவும் செய்யலாம். பின் சீட்டில் குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும்.

இன்னொன்று பைக். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகக் கணக்குப்படி, 2022-ல் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 44.5 சதவீதம் பேர் டூவீலரில் சென்றவர்கள். லேனின் ஓரத்தில் போகும் பைக், ராங் சைடில் வரும் மொபெட் ஆகியவை இந்த சென்சார்கள் தடுமாறும் இடங்கள். ஏ.சி.சி.யின் தவறுக்கு விலை கொடுக்கப்போவது அதை வாங்கியவர் மட்டும் இல்லை.

இது நம்ம ஊர் பிரச்னை மட்டும்தானா என்றால், இல்லை. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான இன்ஷூரன்ஸ் இன்ஸ்டிடியூட், டிரைவரின் கவனத்தை உறுதிசெய்யும் ஏற்பாடுகளுக்காக 2024-ல் இப்படிப்பட்ட 14 சிஸ்டம்களைச் சோதித்தது. 11-க்கு ‘மோசம்’ என்ற மதிப்பீடு. ‘ஏற்கத்தக்கது’ என்று தேறியது ஒன்றே ஒன்று. அங்கே ஒழுங்கான லேன்களில் ஓடும் விலை உயர்ந்த கார்களுக்கே இந்த நிலை.

அப்போ வாங்கலாமா, வேண்டாமா?

நெடுஞ்சாலைப் பயணம் அடிக்கடி உண்டு, ஆட்டோமேட்டிக்கும் பட்ஜெட்டில் வருகிறது என்றால் வாங்கலாம். நீண்ட ஓட்டத்தில் கால் வலியும் சோர்வும் குறைவது உண்மைதான். ஆனால், அதை சொகுசு வசதி என்ற கணக்கில் எழுதுங்கள். பாதுகாப்பு வேலையைச் செய்வது தானியங்கி அவசர பிரேக். அது ஏ.சி.சி.யை ஆன் செய்யாதபோதும் விழித்திருக்கும், தேவைப்பட்டால் பலமாக பிரேக் பிடிக்கும். ஏ.சி.சி.யோ பொதுவாக மென்மையாகத்தான் பிடிக்கும்.

ஊருக்குள்ளேயே ஓட்டுகிறவர் ஏ.சி.சி.க்காக மட்டும் டாப் வேரியன்ட்டுக்குத் தாவ வேண்டியதில்லை. ஆறு ஏர்பேக், இ.எஸ்.சி., நல்ல கிராஷ் ரேட்டிங், பின் சீட்டிலும் சீட் பெல்ட் போடும் பழக்கம், தேயாத டயர்... இவற்றுக்குப் பிறகுதான் அது.

வாங்குவதென்று முடிவானால், டெஸ்ட் டிரைவை ஷோரூமைச் சுற்றி இரண்டு தெருவோடு முடிக்காதீர்கள். பைபாஸில் 20 நிமிடம் ஓட்டக் கேளுங்கள். எந்த வேகத்தில் விலகிக்கொள்கிறது, குறைந்தபட்ச இடைவெளி எவ்வளவு, குறுக்கே வண்டி நுழைந்தால் எவ்வளவு சீக்கிரம் கவனிக்கிறது என்று உட்கார்ந்து பாருங்கள். புக்கிங்குக்கு முன்பே கம்பெனியின் இணையதளத்தில் ஓனர்ஸ் மேனுவல் கிடைக்கிறதா என்று தேடி, ஏ.சி.சி. பகுதியைப் படியுங்கள். எங்கெல்லாம் வேலை செய்யாது என்ற பட்டியல் அதில் இருக்கும்.

அந்தப் பட்டியல் மேனுவலின் உள்பக்கங்களில் ஒளிந்திருக்கக் கூடாது என்பதே நியாயமான எதிர்பார்ப்பு. ‘லெவல் 2’ என்று பெரிய எழுத்தில் போடும் அதே பிரவுச்சர் பக்கத்தில், எத்தனை கி.மீ. வேகத்துக்குக் கீழே வேலை செய்யாது, நிற்கும் வண்டியையும் பைக்கையும் எந்த அளவுக்கு அடையாளம் காணும் என்பதையும் கம்பெனிகள் போட வேண்டும். மைலேஜைக் கேட்டால் தசமப் புள்ளியோடு சொல்கிறவர்களுக்கு இது கஷ்டமான வேலை இல்லை.

அதுவரை அந்த முதல் கேள்வியை ஷோரூமில் நீங்கள்தான் கேட்க வேண்டும். “முன்னாடி வண்டி நின்னுட்டா இது என்ன பண்ணும்?” பதில் தெரியவில்லை என்றால் மேனுவலை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். புக்கிங் அமவுன்ட்டை அடுத்த சனிக்கிழமை கட்டினாலும் கார் வரத்தான் போகிறது.