வாஸ்கோவில் படியும் கரித்தூள்: யார் பொறுப்பு?

புது தில்லி: கோவா மாநிலம் வாஸ்கோ நகரில் வீட்டுச் சன்னல்களிலும் கொடியில் உலரும் துணிகளிலும் கரித்தூள் படிகிறது என்ற புகார் பல ஆண்டுகளாக எழுந்து வருகிறது. அதற்கு யார் பொறுப்பு என்று கேட்டால் ஒற்றைப் பதில் கிடைப்பதில்லை. நிலமும் கடல்முகமும் துறைமுக ஆணையத்துடையவை. சரக்கை இறக்குவது தனியார் நிறுவனங்கள். எவ்வளவு இறக்கலாம் என்று வரையறுப்பது மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். சுற்றுச்சூழல் அனுமதி தருவதோ மத்திய அரசு. இந்த நால்வருக்கும் இடையே போடப்படும் ஒப்பந்தங்களும் நிபந்தனைகளும் ஊர் மக்களின் கண்ணுக்கு எட்டுவதில்லை. மர்மகோவா துறைமுகத்தின் மீது கோவாவில் வேரூன்றிவிட்ட அவநம்பிக்கைக்கு அடிப்படைக் காரணம் இதுவே.

நாட்டின் பெரிய துறைமுகங்களை ஆளும் சட்டம் 2021-இல் மாற்றப்பட்டது. "துறைமுகப் பொறுப்புக் கழகங்கள்" அனைத்தும் "துறைமுக ஆணையங்கள்" ஆயின. பெயர் மாறியபோது அதிகாரமும் கூடியது. ஆனால், அந்த அதிகாரம் யாருக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்ற கேள்வி விடையின்றியே நிற்கிறது. மர்மகோவாவின் அனுபவம் அந்தக் கேள்வியைத்தான் நாட்டின் முன் வைக்கிறது.

இரும்புத் தாதிலிருந்து நிலக்கரிக்கு

ஜுவாரி ஆற்றின் முகத்துவாரத்தில் அமைந்துள்ள மர்மகோவா, கோவா 1961-இல் இந்தியாவுடன் இணைந்த பின்னர் பெரிய துறைமுகங்களின் வரிசையில் சேர்க்கப்பட்டது. பல பத்தாண்டுகள் அதன் உயிர்நாடியாக விளங்கியது இரும்புத் தாது ஏற்றுமதி. சட்டவிரோதச் சுரங்கத் தொழில் குறித்த புகார்களைத் தொடர்ந்து 2012-இல் மாநில அரசும் அடுத்து உச்ச நீதிமன்றமும் சுரங்கப் பணிகளை நிறுத்தின. மீண்டும் தொடங்கிய சுரங்கங்களின் 88 குத்தகைப் புதுப்பிப்புகளை 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. தாது வரத்து சுருங்கச் சுருங்க, துறைமுகத்தின் வருவாயில் இறக்குமதி நிலக்கரியின் முக்கியத்துவம் உயர்ந்தது.

இந்த நிலக்கரி கோவாவுக்கானது அல்ல. அதன் பெரும்பகுதி ரயில் மூலம் மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து, கர்நாடக மாநிலம் பெல்லாரி பகுதியின் உருக்காலைகளுக்குச் செல்கிறது. துறைமுகத்தின் இரு கப்பல் தளங்களை ஜேஎஸ்டபிள்யூ குழுமத்தைச் சேர்ந்த சவுத் வெஸ்ட் போர்ட் நிறுவனமும், மற்றொரு தளத்தை அதானி குழும நிறுவனமும் நீண்ட கால உரிம ஒப்பந்தங்களின்கீழ் இயக்க முன்வந்தன. ஆதாயம் மலைக்கு அப்பால், தூசு மட்டும் நமக்கா என்று வாஸ்கோ மக்கள் கேட்பது இதனால்தான்.

ஒப்பந்தம் முதலில், விசாரணை பின்னர்

துறைமுகத்தின் நுழைவுக் கால்வாயை மேலும் பெரிய கப்பல்கள் வரும் அளவுக்கு ஆழப்படுத்தும் திட்டத்துக்கு, பொதுமக்கள் கருத்தைக் கேட்காமலேயே சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. இதை எதிர்த்து மீனவர்கள் வழக்குத் தொடுத்தனர். 2016-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அந்த அனுமதியை ரத்து செய்தது.

அதன்பின் 2017 ஏப்ரல், மே மாதங்களில் வாஸ்கோவில் பொது விசாரணை நடைபெற்றது. கால்வாயை ஆழப்படுத்துதல், சவுத் வெஸ்ட் போர்ட் முனையத்தின் திறனை உயர்த்துதல், 8, 9-வது தளங்களைப் புதுப்பித்துத் தனியார் மூலம் இயக்குதல் ஆகிய மூன்று திட்டங்கள் அங்கு விவாதத்துக்கு வந்தன. பல நாள்கள் நீடித்த கூட்டங்களில் மீனவர்கள், மருத்துவர்கள், பாதிரியார்கள், மாணவர்கள் எனப் பல தரப்பினரும் எதிர்ப்பைப் பதிவு செய்தனர்.

இதில் கவனிக்கத்தக்க அம்சம் ஒன்று உண்டு. 8, 9-வது தளங்களுக்கான பணி வேதாந்தா குழுமத்துக்கு 2016-இலேயே அளிக்கப்பட்டுவிட்டது. மக்களிடம் கருத்துக் கேட்டதோ அதற்கு அடுத்த ஆண்டு. அனுமதிகள் கிடைத்தால்தான் பணி தொடங்கும் என்ற நிபந்தனை ஒப்பந்தங்களில் இருப்பது வழக்கம் என்பது உண்மையே. ஆயினும், பெண்ணை நிச்சயித்துவிட்டுப் பெண்ணின் சம்மதத்தைக் கேட்பது போன்றதுதான் இந்த வரிசை. யாரிடம் ஒப்படைப்பது, எத்தனை ஆண்டுகளுக்கு, எந்தச் சரக்குக்கு என்பவையெல்லாம் முடிவான பிறகு, தூசை எப்படிக் குறைப்பது என்பது மட்டுமே மக்கள் பேசுவதற்கு மிஞ்சுகிறது.

ஒரே சரக்கு, இரண்டு கணக்குகள்

அவநம்பிக்கைக்கு வலுச் சேர்த்த மற்றொரு நிகழ்வு 2018-இன் தொடக்கத்தில் நிகழ்ந்தது. அனுமதிக்கப்பட்ட அளவைவிடக் கூடுதலாக நிலக்கரி கையாளப்பட்டதாகக் கூறி, சவுத் வெஸ்ட் போர்ட் முனையத்தில் நிலக்கரி கையாள்வதை நிறுத்துமாறு மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உத்தரவிட்டது.

தனியார் முனையங்களிடமிருந்து துறைமுகத்துக்குக் கிடைக்கும் வருமானம், கையாளப்படும் சரக்கைப் பொறுத்தது. எனவே, இறங்கும் ஒவ்வொரு டன்னும் துறைமுகத்தின் வருவாய்ப் பேரேட்டில் ஏறியாக வேண்டும். எவ்வளவு இறங்கலாம் என்ற வரம்பு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஆணையில் இருக்கிறது. இந்த இரு ஏடுகளையும் அருகருகே வைத்து மாதந்தோறும் வெளியிட்டிருந்தால், வரம்பு எப்போது மீறப்பட்டது என்பதைப் பள்ளி மாணவனும் கண்டுபிடித்திருப்பான். வருவாய்க்காகத் துல்லியமாக எண்ணப்படும் டன், மாசுக்காக எண்ணப்படும்போது மட்டும் சர்ச்சைக்கு உள்ளாவது ஏன் என்ற கேள்விக்குத் துறைமுக நிர்வாகம் திருப்தியான விளக்கம் தர வேண்டியது அவசியம்.

பின்னர் 2019 அக்டோபரில், நாஃப்தா ஏற்றிய ஆளில்லாக் கப்பல் ஒன்று துறைமுகப் பகுதியிலிருந்து அடித்துச் செல்லப்பட்டு, தோனா பாலாவில் ஆளுநர் மாளிகைக்கு அருகே தரைதட்டியது. நூ ஷி நளினி என்ற அக்கப்பல் முந்தைய ஆண்டு கொச்சிக்கு அருகே தீ விபத்துக்குள்ளானது. அத்தகைய கப்பல் கோவா கடற்பரப்புக்குள் எப்படி அனுமதிக்கப்பட்டது என்பது குறித்து விசாரணைக்கு உத்தரவிட்டவர் முதல்வர் பிரமோத் சாவந்த். மத்தியிலும் மாநிலத்திலும் அப்போது ஆட்சியில் இருந்தது பாஜகவே. தன் வாசலுக்கு வந்தது என்ன என்று மாநில அரசே விசாரித்துத்தான் அறிய வேண்டிய நிலை என்றால், சாதாரணக் குடிமகனின் நிலையைச் சொல்லத் தேவையில்லை.

ஐயம் பரவிய விதம்

தகவல் இல்லாத இடத்தில் ஐயமே தகவலாகிவிடுகிறது. 2016-ஆம் ஆண்டின் தேசிய நீர்வழிகள் சட்டத்தில் கோவாவின் ஆறு நதிகள் சேர்க்கப்பட்டபோது, நிலக்கரிப் படகுகளுக்கான ஏற்பாடே இது என்ற பேச்சு எழுந்தது. வாஸ்கோவிலிருந்து கர்நாடகம் செல்லும் ரயில் பாதையை இரட்டைப் பாதையாக்கும் திட்டமும் அதே கண்ணோட்டத்தில் பார்க்கப்பட்டது. 2020 நவம்பர் முதல் நாள் இரவு, சாந்தோர் கிராமத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு ரயில் பாதையருகே போராட்டம் நடத்தினர். இந்தப் பாதைக்கான தேவை சரிவர நிறுவப்படவில்லை என்று உச்ச நீதிமன்றத்தின் மத்திய அதிகாரக் குழு 2021-இல் கருத்துத் தெரிவித்தது. 2022 மே மாதம், காசில்ராக் - குலெம் பகுதிக்கு அளிக்கப்பட்ட வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதலை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

ரயில் பாதை பயணிகளுக்கும் பயன்படும் என்ற அரசின் வாதத்தில் பொருளில்லாமல் இல்லை. ஆனால், துறைமுகத்தில் எதிர்காலத்தில் எவ்வளவு நிலக்கரி இறங்கும் என்பதற்கு ஊர் நம்பத்தக்க ஒரே கணக்கு இல்லாதபோது, எந்த வாதமும் எடுபடுவதில்லை.

புதிய சட்டம் செய்ததும் செய்யாததும்

இந்தச் சூழலில்தான் பெரிய துறைமுக ஆணையங்கள் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 2021 பிப்ரவரி 10-ஆம் தேதி மாநிலங்களவையில் நடந்த வாக்கெடுப்பில் ஆதரவாக 84 பேரும் எதிராக 44 பேரும் வாக்களித்தனர். அதே ஆண்டு நவம்பர் 3 முதல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1963-ஆம் ஆண்டின் பழைய சட்டம் விடைபெற்றது.

புதிய நிர்வாகக் குழுவில் 11 முதல் 13 பேர் வரை இடம்பெறுவர். தலைவர், துணைத் தலைவர் தவிர மாநில அரசு, ரயில்வே, பாதுகாப்புத் துறை, சுங்கத் துறை ஆகியவற்றுக்குத் தலா ஓர் இடம். மத்திய அரசின் நியமன உறுப்பினர் ஒருவர், ஊழியர் பிரதிநிதிகள் இருவர், சுயேச்சை உறுப்பினர்கள் இருவர் முதல் நால்வர் வரை. துறைமுகம் அமைந்துள்ள நகராட்சிக்கோ, அந்தக் கடலையே நம்பி வாழும் மீனவருக்கோ உரிமையாக ஓர் இடமும் இல்லை.

துறைமுக எல்லைக்குள் அந்தக் குழு வகுக்கும் பெருந்திட்டம் உள்ளூர், மாநில விதிகளுக்குக் கட்டுப்பட்டதல்ல. முரண்பாடு வந்தால் துறைமுகத்தின் திட்டமே செல்லும் என்கிறது சட்டம். அரசு - தனியார் கூட்டுத் திட்டங்களில் ஒப்பந்ததாரர் சந்தை நிலவரப்படி கட்டணம் நிர்ணயிக்கலாம். 1997 முதல் கட்டணங்களை ஒழுங்குபடுத்தி வந்த ஆணையத்துக்கு இனி அந்தப் பணி இல்லை. வேகமாக முடிவெடுத்தால்தான் தனியார் துறைமுகங்களோடு போட்டியிட முடியும் என்பது மத்திய அரசின் விளக்கம்.

நிலம் அரசுடையது, இயக்குவது தனியார் என்ற இந்த முறை புதிதன்று. மும்பையை அடுத்த ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் 1997-இல் தனியார் முனையத்துக்கு ஒப்பந்தம் போடப்பட்டது. 2022-இல் அத்துறைமுகம் தன் கடைசி முனையத்தையும் தனியாரிடம் ஒப்படைத்தது. சரக்குப் பெருக்கத்துக்கு அந்த முறை உதவியது என்பதை மறுப்பதற்கில்லை. ஆகவே, தனியார் வரவு என்பதை மட்டும் குற்றமாகக் கூறுவது பொருந்தாது. ஒப்படைப்பின் விதிகள் யாருக்குத் தெரியும் என்பதே பிரச்னை.

நிர்வாகத்தின் மீதான நம்பிக்கை குலைந்தால் ஒப்பந்ததாரருக்கும் அதே கதிதான். மேற்கு வங்கத்தின் ஹால்டியாவில் 2, 8-வது தளங்களை இயந்திரமயமாக்கி இயக்கி வந்த நிறுவனம், தனக்கு உரிய சரக்கு ஒதுக்கப்படவில்லை என்று நீதிமன்றம் சென்றது. ஆள்குறைப்புத் தகராறும் வன்முறையும் சேர்ந்துகொள்ள, 2012 அக்டோபர் இறுதியில் அது ஹால்டியாவை விட்டே வெளியேறியது. வேலை இழந்த தொழிலாளர், முதலீட்டை இழந்த நிறுவனம், திறன்மிக்க தளங்களை இழந்த துறைமுகம் என மூவருக்கும் நஷ்டம்.

வணிக ரகசியமும் பொது நலனும்

ஒப்பந்த விவரங்களைக் கேட்டால் "வணிக ரகசியம்" என்ற பதிலுக்குச் சட்டத்திலேயே இடமிருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், மூன்றாம் தரப்பின் போட்டித் திறனைப் பாதிக்கும் தகவல்களுக்கு 8-வது பிரிவில் விலக்கு அளிக்கிறது. ஆனால், பெரும் பொது நலன் கருதினால் அவற்றையும் தரலாம் என்று அதே பிரிவு கூறுகிறது. மேலும், தாங்கள் வழங்கும் சலுகைகள், உரிமங்கள், அனுமதிகளைப் பெற்றவர்களின் விவரங்களை யாரும் கேட்காமலேயே வெளியிட வேண்டும் என்பது 4-வது பிரிவு அரசு அமைப்புகள் மீது சுமத்தியுள்ள கடமை. மக்களைப் பாதிக்கும் முக்கிய முடிவுகளை அறிவிக்கும்போது அவை தொடர்பான உண்மைகளையும் வெளியிட வேண்டும் என்றும் அப்பிரிவு கூறுகிறது. விலக்கை நினைவில் வைத்துக் கடமையை மறப்பதுதான் ஐயத்தை வளர்க்கிறது.

வெளிச்சம் விழுந்தால் விவாதத்தின் தரம் உயரும் என்பதற்குக் கேரளத்தின் விழிஞ்ஞம் சான்று. அதானி குழுமத்துடன் 2015-இல் கையெழுத்தான அந்த ஒப்பந்தத்தின் காலம், வழக்கமான 30 ஆண்டுகளுக்குப் பதில் 40 ஆண்டுகள் என நிர்ணயிக்கப்பட்டதை மத்திய தணிக்கை அதிகாரி 2017-இல் ஆட்சேபித்தார். விழிஞ்ஞத்தில் மீனவர் போராட்டம் 2022-இல் வெடித்தது உண்மைதான். ஆனால், ஒப்பந்தம் குறித்து ஊகத்தின் பேரில் பேச வேண்டிய நிலை அங்கு எவருக்கும் இருக்கவில்லை.

செய்ய வேண்டியது என்ன?

1908-ஆம் ஆண்டின் துறைமுகச் சட்டத்துக்கு மாற்றாக நாடாளுமன்றம் 2025-இல் புதிய சட்டம் நிறைவேற்றியுள்ளது. மத்திய, மாநில அரசுகள் கூடிப் பேச அதில் வழி செய்யப்பட்டிருக்கிறது. துறைமுகத்தின் மதிலையொட்டி வாழ்பவர்களுக்குத்தான் இன்னும் வழி பிறக்கவில்லை.

அதற்குப் பெரும் செலவு பிடிக்காது. கையெழுத்தாகும் ஒவ்வொரு உரிம ஒப்பந்தமும், அதன் பின்னைய திருத்தங்களும் துறைமுகத்தின் இணையதளத்திலும் நகராட்சி அலுவலகத்திலும் மக்கள் மொழியில் வைக்கப்பட வேண்டும். கையாளப்பட்ட சரக்கின் அளவும், அனுமதிக்கப்பட்ட அளவும், காற்றுத் தரப் பதிவுகளும் ஒரே பட்டியலில் மாதந்தோறும் வெளிவர வேண்டும். ஒப்பந்தப் புள்ளி கோருவதற்கு முன்னரே ஊரின் கருத்தைக் கேட்க வேண்டும். சுயேச்சை உறுப்பினர்களில் ஒருவரையேனும் அப்பகுதி மீனவர்கள் அல்லது நகராட்சி பரிந்துரைப்பவராக நியமிக்கலாம்; இதற்குச் சட்டத் திருத்தம்கூடத் தேவைப்படாது.

தமிழகத்துக்கும் இது அந்நியமான பிரச்னை அன்று. சென்னையும் தூத்துக்குடியும் இதே 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வருபவை. வடசென்னை மக்கள் கரித்தூளோடு வாழ்ந்து, சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால்தான் 2011 அக்டோபரில் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாள்வது நின்றது. அந்த நிலக்கரி எண்ணூருக்கு இடம் மாறியது.

ஒவ்வொரு முறையும் நீதிமன்றம் சென்றுதான் தன் ஊர்த் துறைமுகத்தைப் பற்றி மக்கள் அறிய முடியும் என்றால், அது நிர்வாகத்தின் தோல்வியே. மர்மகோவாவில் மக்கள் கேட்பது துறைமுகத்தை மூடச் சொல்லி அல்ல, கணக்கைத் திறக்கச் சொல்லித்தான். அந்தக் கணக்கு மூடிக் கிடக்கும்வரை, அங்கு இறங்கும் ஒவ்வொரு டன்னுடனும் ஐயமும் சேர்ந்தே இறங்கும்.