பத்துத் தேசத்துக்கும் ஒரே விரிப்பு

கட்டிலுக்கு விரிப்பு விரிப்பதற்கு ஒரு பாடப் புத்தகம் இருக்கிறது. அதைப் படித்தவர்களுக்குப் பரீட்சை நடக்கிறது. பரீட்சையில் தேறியவர்களுக்கு அத்தாட்சிப் பத்திரம் தருகிறார்கள். அந்தப் பத்திரத்தைப் பத்துத் தேசங்களின் சர்க்கார்கள் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டிருக்கின்றன. இந்தச் செய்தியைச் சென்ற வாரம் வீட்டில் வாசித்துக் காட்டியபோது, சமையலறையிலிருந்து ஒரு குரல் வந்தது: "முப்பது வருஷமாக நானுந்தான் விரித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு எந்தச் சர்க்கார் பத்திரம் கொடுக்கப் போகிறதாம்?"

வேடிக்கையாகச் சொன்ன வார்த்தைதான். ஆனால் யோசித்துப் பார்த்தால், தென்கிழக்கு ஆசிய தேசங்கள் ஒன்று கூடி இத்தனை வருஷமாகச் செய்துவரும் முயற்சி முழுவதும் இந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடுவதாகவே எனக்குத் தோன்றுகிறது. கைக்குத் தெரிந்த வேலையைக் காகிதத்துக்குத் தெரிவிப்பது எப்படி?

அந்தப் பிரதேசத்தில் விடுதித் தொழில் வளர்ந்த கதையை முதலில் சற்று நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. ஆர்மீனியர்களான சார்க்கீஸ் சகோதரர்கள் பினாங்கில் ஈஸ்டர்ன் அண்டு ஓரியண்டல் ஹோட்டலையும், 1887-ல் சிங்கப்பூரில் ராபிள்ஸ் ஹோட்டலையும், 1901-ல் ரங்கூனில் ஸ்டிராண்டு ஹோட்டலையும் நிறுவினார்கள். அதே 1901-ல் ஹானோய் நகரில் பிரெஞ்சுக்காரர்களின் மெட்ரோபோல் ஹோட்டல் எழுந்தது. எல்லாம் துரைமார்கள் தங்குவதற்காகக் கட்டப்பட்ட மாளிகைகள். மூட்டை தூக்கியவர்களும், மேஜை துடைத்தவர்களும், துணி வெளுத்தவர்களும் அந்தந்த ஊர்ச் சுதேசிகளும், பிழைக்க வந்த சீனர்களும் நம்மவர்களுமே. முள்கரண்டி எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதைத் துரைசானி தீர்மானித்தாள், பையன் கற்றுக்கொண்டான். அவன் கற்றதற்கு அத்தாட்சி, அவனை வேலையிலிருந்து நீக்கவில்லை என்பது ஒன்றுதான்.

துரைமார்கள் போய்விட்டார்கள். வழக்கங்கள் போகவில்லை. வியட்நாம், லாவோஸ், கம்போடியா ஆகியவற்றில் பிரெஞ்சு முறை. மலாயா, சிங்கப்பூர், பர்மாவில் இங்கிலீஷ் முறை. இந்தோனேஷியாவில் டச்சுக்காரர் விட்டுச் சென்றது. பிலிப்பைன்ஸில் ஸ்பானியரும் அவருக்குப் பின் அமெரிக்கரும் விட்டுச் சென்றது. சயாமை மட்டும் யாரும் ஆளவில்லையாதலால் அது தன் வழியே போயிற்று. ஒரே கடலைச் சுற்றியிருக்கும் இந்தத் தேசங்களில் ஒரே வேலைக்கு வெவ்வேறு பெயர், வெவ்வேறு பயிற்சி. நாம்பென் நகரில் ஒரு பெண் மூன்று வருஷம் விடுதியில் வேலை கற்றுக்கொண்டு சிங்கப்பூருக்குப் போனால், அவளுக்கு என்ன தெரியும் என்பது அங்குள்ள முதலாளிக்கு விளங்காது. விளங்காவிட்டால் அவர் என்ன செய்வார்? எதுவும் தெரியாதவளுக்குக் கொடுக்கும் சம்பளத்தையே கொடுப்பார்.

1967-ல் பாங்காக்கில் ஐந்து தேசங்கள் சேர்ந்து ஆரம்பித்த ஆஸியான் சங்கத்தில் பிற்பாடு அங்கத்தினர் தொகை பத்தாயிற்று. இந்தப் பத்துத் தேசங்களும் சுற்றுலாத் தொழிலாளரின் தகுதியை ஒருவருக்கொருவர் அங்கீகரிப்பதென்று ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. 2009-ல் பெரும்பாலோர் கையெழுத்திட்டனர். 2012 நவம்பரில் தாய்லாந்தும் கையெழுத்திட, பத்தும் பூர்த்தியாயிற்று. என்ஜினீயர், டாக்டர், கணக்கர் போன்ற படித்த உத்தியோகஸ்தர்களுக்கும் இத்தகைய உடன்படிக்கைகள் உண்டு. அந்த வரிசையில் மூட்டை தூக்கும் பையனும், மாடிப்படி துடைக்கும் பெண்ணும் இடம் பெற்றார்கள் என்பதுதான் இதில் விசேஷம்.

எத்தனை வேலைகள் என்று கேட்டால் முப்பத்திரண்டு. வரவேற்புக் கூடத்தில் ஐந்து, அறை பராமரிப்பில் ஆறு, சமையலறையில் ஏழு, பரிமாறுவதில் ஐந்து, இவை விடுதிக்கு. பிரயாண ஏஜென்ஸிகளில் நாலும், சுற்றுலா நடத்தும் கம்பெனிகளில் ஐந்தும் மற்றவை. ஜாபிதாவைப் படித்தால் இரண்டு விஷயங்கள் கண்ணில் படும். ஒன்று, சமையலறை வேலைகளுக்கு இன்னும் 'கமி', 'டெமி ஷெஃப்', 'ஷெஃப் டி பார்ட்டி' என்று பிரெஞ்சுப் பட்டங்களே இருக்கின்றன. பத்து ஆசிய தேசங்கள் கூடியும் சமையற்காரரைப் பாரிஸிலிருந்து மீட்க முடியவில்லை! இரண்டாவது, ஊர் சுற்றிக் காட்டும் வழிகாட்டிகள் அந்த ஜாபிதாவில் இல்லை. தாய்லாந்தில் வழிகாட்டித் தொழில் தாய் பிரஜைகளுக்கே உரியது என்று சட்டம் இருக்கிறது. கோவிலைக் காட்டிக் கதை சொல்லும் வேலையை அயலானுக்கு விட்டுக்கொடுக்க யாருக்குத்தான் மனம் வரும்? அதில் நான் குற்றம் காணமாட்டேன்.

வேலைகளை வகுத்தாயிற்று. இனி அவற்றைக் கற்பிக்க வேண்டுமே! இங்கேதான் காரியம் நுட்பமாகிறது. ஒவ்வொரு வேலையையும் சிறு சிறு திறமைகளாகப் பிரித்து, மொத்தம் 242 பாடங்கள் அமைத்தார்கள். அவற்றில் சில எல்லாத் தொழிலாளருக்கும் பொதுவானவை: சுத்தம், அபாயமின்றி வேலை செய்தல், டெலிபோனில் மரியாதையாகப் பேசுதல், வேற்று மதத்தாரோடும் வேற்று ஜாதியாரோடும் ஒத்துப்போதல். சில ஒரு பகுதியினருக்குப் பொதுவானவை. மீதி அந்தந்த வேலைக்கே உரியவை. கற்களை மாற்றி மாற்றி அடுக்கிக் கட்டடம் கட்டுவதுபோல, இந்தப் பாடங்களைச் சேர்த்து ஐந்து படிகளில் 52 பட்டங்கள் வகுத்திருக்கிறார்கள். பரிமாறும் வேலையிலிருந்து ஒருவர் வரவேற்பு வேலைக்கு மாற விரும்பினால், பொதுப் பாடங்களை மறுபடி படிக்க வேண்டாம். புதியதை மட்டும் படித்தால் போதும். நம் ஊர்க் கலாசாலைகள் இதைச் சற்றுக் கவனிக்கலாம்.

ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு 'டூல்-பாக்ஸ்', அதாவது தச்சன் தோளில் மாட்டிச் செல்லும் கருவிப் பெட்டி, என்று பெயர். பெட்டிக்குள் உளியும் இழைப்புளியும் இல்லை. படிப்பவருக்கு ஒரு கையேடு, கற்பிப்பவர் திரையில் காட்டுவதற்குப் படங்களும் குறிப்புகளும், பரீட்சிப்பவருக்கு ஒரு கையேடு, இவ்வளவுதான். ஒவ்வொரு தேசத்திலிருந்தும் சிலரை வரவழைத்துத் தலைமைப் போதகர்களாகவும் தலைமைப் பரீட்சகர்களாகவும் பழக்கி அனுப்பினார்கள். அவர்கள் ஊர் திரும்பி மற்றப் போதகர்களைப் பழக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

இந்தக் கருவிப் பெட்டிகளை எழுதியவர்கள் யார் என்று பார்த்தபோது எனக்குச் சற்றே மனம் சுருங்கியது. பணம் கொடுத்தது ஆஸ்திரேலிய சர்க்கார். எழுதியது மெல்போர்ன் நகரத்து வில்லியம் ஆங்லிஸ் கலாசாலை. இறைச்சி வியாபாரத்தில் பெருந்தனம் சேர்த்த சர் வில்லியம் ஆங்லிஸ் என்பவரின் பெயரால் 1940-ல் உணவுத் தொழிற் பள்ளியாக ஆரம்பித்தது அது. கசாப்புக்காரராக வாழ்க்கை தொடங்கியவர் அவர். முப்பத்திரண்டு வேலைகளில் கசாப்புக்காரர் வேலையும் ஒன்று என்பதால், பொருத்தம் இல்லாமல் இல்லை. ஆனாலும், விருந்தோம்பலை வாழ்வாகக் கொண்ட கீழ்த்திசை நாடுகள் பத்தும், விருந்தாளியை வரவேற்கும் பாடத்தை மெல்போர்னிலிருந்து தருவித்துக்கொள்ள வேண்டுமா? வள்ளுவர் இதற்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறாரே என்று நம்மவர்களும் கேட்பார்கள்.

நியாயம் சொல்ல வேண்டுமானால், என்னென்ன திறமை வேண்டும் என்ற அளவுகோலைப் பத்துத் தேசத்துப் பிரதிநிதிகளும் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்தார்கள். அதை விரித்துப் பாடமாக எழுதும் கைவேலைதான் வெளியே போயிற்று. மேலும், வீட்டுக்கு வந்த விருந்தாளியை உபசரிப்பது வேறு. தினம் பதினைந்து அறைகளை ஒருத்தியே சுத்தம் செய்வது வேறு. எந்தத் திராவகத்தை எந்தத் திராவகத்தோடு கலந்தால் விஷப்புகை கிளம்பும், கனத்த மெத்தையை முதுகு ஒடியாமல் தூக்குவது எப்படி, விருந்தாளி விட்டுச் சென்ற பொருளை யாரிடம் ஒப்படைத்து எங்கே எழுதி வைக்க வேண்டும் என்பவற்றை அன்பு ஒன்றே கற்பித்துவிடாது. கடைசியாகச் சொன்னது முக்கியம். எழுதி வைக்கும் முறை இல்லாத இடத்தில், விருந்தாளியின் கடிகாரம் காணவில்லையென்றால் திருட்டுப் பட்டம் யார் தலையில் விழும் என்பது தெரிந்ததுதானே?

பாடங்களில் ஒன்றைப் பார்த்து நான் உண்மையில் தலை வணங்கினேன். குழந்தைகளைக் காக்கும் கடமை என்பது அதன் பொருள். பிரயாணிகள் என்ற வேஷத்தில் வந்து ஏழைக் குழந்தைகளைக் கெடுக்கும் பாதகர்களால் அந்தப் பிரதேசம் பட்ட அவமானம் கொஞ்சமல்ல. விடுதியில் வேலை செய்பவர் எதைக் கவனிக்க வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்பதைப் பொதுப் பாடமாகவே வைத்திருக்கிறார்கள். இரவு பன்னிரண்டு மணிக்கு வரவேற்பு மேஜையில் தனியே உட்கார்ந்திருக்கும் இருபது வயதுப் பையன், பணக்கார அயலானைப் பார்த்து, "இந்தக் குழந்தை யார்?" என்று கேட்க வேண்டியிருக்கிறது. கேட்பது தன் வேலையின் ஒரு பகுதி என்று அச்சிட்ட புத்தகம் சொன்னால், அவன் குரல் கொஞ்சம் உறுதியாக வரும்.

பரீட்சையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இதில் மார்க்கு இல்லை. முதல் வகுப்பு, மூன்றாம் வகுப்பு இல்லை. 'தேர்ச்சி பெற்றவர்' அல்லது 'இன்னும் தேர்ச்சி பெறாதவர்', இரண்டே தீர்ப்பு. அந்த 'இன்னும்' என்ற சொல்லைக் கண்டுபிடித்தவர் நல்லவராகத்தான் இருக்க வேண்டும். அதோடு, பள்ளி வாசலை மிதிக்காமல் வேலை செய்தே கற்றவர்களும் பரீட்சகர் முன் தங்கள் வேலையைச் செய்து காட்டி அங்கீகாரம் பெற வழி வைத்திருக்கிறார்கள். சமையலறைக் குரலுக்கு இதைத் தெரிவித்தேன். "பரீட்சகர் வந்தால் காப்பியும் போட்டுக் கொடுக்க வேண்டும், அதற்குத் தனிப் பத்திரம் உண்டா?" என்று பதில் வந்தது.

சரி, பத்திரம் கிடைத்துவிட்டது. அதை எடுத்துக்கொண்டு கப்பல் ஏறலாமா? ஏற முடியாது. வேலைக்குத் தகுதி என்பதை உடன்படிக்கை ஒப்புக்கொள்கிறது. ஆனால் போகும் தேசத்தின் சட்ட திட்டங்களுக்கு உட்பட்டே எல்லாம் என்று அதே மூச்சில் சொல்லிவிடுகிறது. அனுமதிச் சீட்டு அந்த அந்தச் சர்க்காரின் இஷ்டம். தேர்ந்தவர்களின் பெயரைப் பதிவு செய்து முதலாளிகளுக்குக் காட்ட 2016-ல் ஒரு பதிவேடு ஏற்படுத்தினார்கள். ஜகார்த்தாவில் ஒரு காரியாலயமும் அமைத்தார்கள். ஆனால் குடிபெயர்வு உத்தியோகஸ்தர் பார்ப்பது தம் தேசத்துச் சட்டத்தையே. அப்படியானால் இத்தனை சிரமமும் வீணா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. பத்திரம் உள்ள பெண் வெளிநாடு போகாவிட்டாலும், பக்கத்துத் தெரு விடுதியில் போய், "எனக்கு இன்னின்ன வேலை தெரியும்" என்று சொல்லிக் கூடுதல் சம்பளம் கேட்கலாம். 2019-ல் இந்தப் பத்துத் தேசங்களுக்கும் சேர்த்துப் பதினாலு கோடிப் பேருக்கு மேல் வந்தார்கள். 2020-ல் கொள்ளை நோயினால் அதில் ஐந்தில் ஒரு பங்குகூட வரவில்லை. அப்போது விடுதிகள் இழுத்து மூடப்பட்டன. வேறு வேலை தேடிய லக்ஷக்கணக்கானவர்களின் கையில், தங்களுக்கு என்ன தெரியும் என்று சொல்லும் காகிதம் ஒன்று இருந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

பெரிய தடை பாஷை. கையேடுகள் இங்கிலீஷில் எழுதப்பட்டவை. மணிலாவிலும் சிங்கப்பூரிலும் அது ஒரு பொருட்டல்ல. லாவோஸில் மலைக் கிராமத்திலிருந்து வந்து விரிப்பு விரிக்கும் பெண்ணுக்கு அது சமுத்திரம். வியட்நாமியர் இதில் சாமர்த்தியமாக நடந்துகொண்டார்கள். ஐரோப்பிய யூனியனின் உதவியோடு தங்கள் பாஷையில் தங்களுக்கென்றே ஓர் அளவுகோலை வகுத்து, பின்னர் 2013-ல் அதைத் திருத்தி ஆஸியான் அளவுகோலோடு இசைவித்துக்கொண்டார்கள். வரிக்கு வரி பெயர்ப்பதைவிட அது நல்ல வழி. தங்கள் ஊர் விடுதியில் இருக்கும் துடைப்பத்தையும் வாளியையும் வைத்தே பாடம் எழுதலாம் அல்லவா?

2025 அக்டோபரில் கிழக்குத் திமோர் பதினோராவது அங்கத்தினராக ஆஸியானில் சேர்ந்தது. நானூறு வருஷத்துக்கு மேல் போர்த்துகீசியரும், பின்பு இருபத்து நாலு வருஷம் இந்தோனேஷியாவும் ஆண்ட தேசம். 2002-ல்தான் விடுதலை கண்டது. அங்கே சர்க்கார் பாஷை இரண்டு: போர்த்துகீசும், ஜனங்கள் பேசும் தேத்தும். தலைநகரான டிலியில் விடுதி நடத்துபவர்கள் இனி அந்த 242 பெட்டிகளையும் திறந்து பார்க்க வேண்டும். தேத்து பாஷையில் 'இன்னும்' என்பதற்கு என்ன சொல்வார்களோ, அதை முதலில் பெயர்க்கட்டும்.