டிராயிங் பீரியட் வீண்பொழுதா?

பத்தாம் வகுப்புக்கு வந்ததும் பல பள்ளிகளின் கால அட்டவணையில் முதலில் காணாமற்போவது ஓவிய வகுப்புதான். பொதுத்தேர்வில் ஐந்து பாடங்கள், 500 மதிப்பெண்கள். ஓவியத்துக்கு அதில் இடமில்லை. ஆகவே அந்தப் பாடவேளையைப் பெரும்பாலும் கணக்கு வாங்கிக்கொள்கிறது. “படம் போட்டால் மார்க் வருமா?” என்று வீட்டிலும் கேட்கிறார்கள். பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் இதற்கு மறுமொழி கூற விரும்புகிறோம்.

ஓர் அறையின் உட்புறத்தைப் பென்சிலால் வரைவதை எடுத்துக்கொள்வோம். சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள். இங்கோ சுவரே சித்திரம்! முதலில் நம் கண் மட்டத்தில் ஒரு படுக்கைக்கோடு. அதன்மேல் ஒரு புள்ளி. எதிர்ச்சுவரை நேராகப் பார்த்து அமர்ந்தால், தரையோரம், உத்தரம், சன்னலின் மேல்விளிம்பு என நம்மை விட்டு விலகிச் செல்லும் இணைகோடுகள் யாவும் அந்தப் புள்ளியை நோக்கியே ஓடும். அதுதான் மறைபுள்ளி, இம்முறைதான் பெர்ஸ்பெக்டிவ். தரையில் பதித்த கல் சதுரம் என்பது நமக்குத் தெரியும். ஆனால் கண் காண்பது சதுரம் அன்று. தெரிந்ததை ஒதுக்கிவிட்டுக் காண்பதை வரைவது லேசான காரியமா?

ஒரே உயரமுள்ள இரு தூண்களில், இரு மடங்கு தொலைவில் நிற்பது பாதி உயரமாகத் தோன்றுவது ஏன்? விடை வடிவொத்த முக்கோணங்களில் இருக்கிறது. ஓவிய வகுப்பை வாங்கிக்கொண்டு கரும்பலகையில் நடத்தப்படுவதும் சில நாள் அதே முக்கோணங்கள்தாம்! 1435-இல் இம்முறையை விளக்கி நூல் எழுதிய இத்தாலியரான ஆல்பர்ட்டி, கணிதமும் கட்டடக்கலையும் கற்றவர்.

நம்மில் பலர் வீட்டு உணவறையில் ‘இறுதி இராவுணவு’ படம் மாட்டியிருக்கிறது. லியொனார்டோ டா வின்சி 1495 முதல் 1498 வரை மிலான் நகரில் ஒரு துறவியர் மடத்து உணவறைச் சுவரில் தீட்டியது அது. அதுவும் ஓர் அறையின் படமே. விட்டத்துக் கட்டங்களின் கோடுகளையும் பக்கச்சுவர்களின் திரைச்சீலை விளிம்புகளையும் ஓர் அடிக்கோலால் தொடர்ந்து பாருங்கள். எல்லாம் இயேசுவின் தலையில் வந்து கூடும். அவ்விடத்தில் ஆணி அடித்த துளை ஒன்றும் மூலச் சுவரில் காணப்பட்டிருக்கிறது. நூல் கட்டிக் கோடு இழுத்திருக்கிறார், நம் ஊர்க் கொத்தனார் நூல் பிடிப்பதைப் போல! படத்தில் வலப்பக்கச் சுவர் வெளிச்சமாகவும் இடப்பக்கச் சுவர் இருட்டாகவும் இருக்கும். அந்த உணவறையின் உண்மையான சன்னல்கள் இடப்பக்கம் இருந்ததால், அங்கிருந்தே ஒளி வருவதுபோலத் தீட்டினார்.

நிழல் தீட்டுவதும் இந்தக் கவனம்தான். நம் கொங்கு நாட்டுத் தொட்டிக்கட்டு வீட்டின் உள்ளே வரைய அமர்ந்தால், ஒளி சன்னலிலிருந்து வராது. நடுவே திறந்த தொட்டியின் வழியாக மேலிருந்து இறங்கும். தொட்டியைச் சுற்றிய தூண்களின் உட்பக்கம் வெளுத்திருக்கும். ஆசாரத்தின் மூலை கறுத்திருக்கும். எச்.பி. பென்சிலில் கோடு, 2பி-யில் நடுத்தர நிழல், 6பி-யில் மூலையிருட்டு. வெளிச்சத்துக்கு மட்டும் பென்சிலே கிடையாது; தாளின் வெண்மையை விட்டுவைப்பதே வெளிச்சம். விரலால் தேய்த்து மழுப்புவோரும் உண்டு. எங்களுக்கு அது உடன்பாடில்லை. கோடுகளை நெருக்கி இழுப்பதே அழகு.

மார்க் வருமா என்ற கேள்விக்கு வருவோம். இந்த வகுப்பில் கட்டடக்கலை படிக்க ஆசைப்படும் தோழியர் இருக்கிறார்கள். பி.ஆர்க். சேர்க்கைக்கான நாட்டா தேர்வில் வரையும் திறனையும் சோதிக்கிறார்கள். பள்ளியில் கற்காதவள் அதற்காகப் பணம் கட்டித் தனிப்பயிற்சிக்குப் போகவேண்டும். ஆலைத் தொழிலாளியின் மகளும் விசைத்தறிக்காரர் மகளும் எங்கே போவார்கள்? ஓவியத்தில் லோயர், ஹையர் என்று அரசே தொழில்நுட்பத் தேர்வுகள் நடத்துகிறது. அவற்றுக்கும் பழக்கம் வேண்டுமே.

கணக்கு ஆசிரியைகள்மீது எங்களுக்குக் கோபமில்லை. பாடம் முடியாவிட்டால் மாலையில் அரைமணி கூடுதலாக இருக்கிறோம். அதற்குப் பெற்றோர் சம்மதிக்க வேண்டும். ஜூன் மாதம் கால அட்டவணை எழுதும்போதே பத்தாம் வகுப்புக்கு வாரம் ஒரு ஓவியப் பாடவேளையை மையால் எழுதிவிடுமாறு அருட்சகோதரிகளை வேண்டுகிறோம். பென்சிலால் எழுதினால் யாராவது அழித்துவிடுகிறார்கள்.