பலகைக்குக் கீழே

புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையிலே நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ வள்ளம் ஏறும்போது நாம் வானத்தைப் பார்க்கிறோம்; அலையைப் பார்க்கிறோம். காலடியில், பலகைக்குக் கீழே உழைக்கும் டீசல் இயந்திரத்தை நினைப்பவர் சிலரே. நடுக்கடலில் அது நின்றுவிடின் வள்ளம் காற்றின் வசமாகிவிடும் அன்றோ?

அவ்வியந்திரத்தின் உயிர் எண்ணெயில் இருக்கிறது. உராயும் உறுப்புக்களைத் தேயாமற் காப்பதும், சூட்டைத் தணிப்பதும், கரியைத் தான் ஏற்றுக்கொள்வதும் அதுவே. ஆதலால் அதனைக் காலந்தோறும் மாற்றுதல் வேண்டும்.

மோட்டார் வண்டியாயின் அடியிலுள்ள திருகாணியைக் கழற்றினாற் போதும். வள்ளத்திலோ இயந்திரம் அடித்தளத்தை ஒட்டியிருப்பதால், கீழே பாத்திரம் வைக்கவும் பெரும்பாலும் இடமிராது. ஆகவே, இயந்திரத்தைச் சற்றுநேரம் ஓட்டி நிறுத்தி, சூட்டில் இளகிய எண்ணெயை, அளவு பார்க்கும் கோலுக்குரிய குழாய்வழியே கைப்பம்பினால் உறிஞ்சி எடுப்பர். பின்னர் வடிகட்டியை மாற்றிப் புதிய எண்ணெயை அளவறிந்து ஊற்றுவர்.

எடுத்த எண்ணெயையும் உற்றுநோக்க வேண்டும். கறுத்திருத்தல் இயல்பு. பால்போல் வெளுத்திருப்பின் நீர் கலந்துவிட்டது என்பது பொருள். காரணம் அறிந்து திருத்தாமல் அவ்வள்ளம் துறையை விட்டுப் புறப்படலாகாது.

கழிவெண்ணெயைக் கடலிற் கொட்டுவதும் தகாது. இறாலும் நண்டும் மீன்குஞ்சும் வளரும் ஆழமற்ற கடல் நம்முடையது. மூடிய கலத்தில் அதனைக் கரை சேர்த்தலே முறையாகும்.